தொட்டி மீனின் மகோதரம்



குளத்து மீனுக்குப் பொரி தூவுவது நம் நாட்டில் நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம். கோயிலுக்குச் சென்ற பிள்ளை படிக்கட்டில் அமர்ந்து, கையிலுள்ள பொரியை நீரில் எறிந்து, மீன்கள் மொய்ப்பதைக் கண்டு மகிழும். நான் வாழும் திருவண்ணாமலையோ தீர்த்தங்கள் மலிந்த ஊர். பெரிய கோயிலுக்குள்ளேயே சிவகங்கைத் தீர்த்தமும் பிரம்ம தீர்த்தமும் உள்ளன; வெளியே ஐயங்குளம்; மலையைச் சுற்றிவரும் பாதை நெடுகிலும் சிறியனவும் பெரியனவுமாகப் பல குளங்கள். இப்படிப்பட்ட ஊரில் மீனைக் கண்டால் எதையாவது ஊட்ட வேண்டும் என்று கை தானாகவே நீள்வது இயல்பு. அந்தக் கை இப்பொழுது வீட்டுக் கூடத்தில் வைத்திருக்கும் கண்ணாடித் தொட்டியின்மேலும் அதே அன்போடு நீள்கிறது. ஆனால் குளத்தில் இருப்பது இலட்சக்கணக்கான லிட்டர் நீர். தொட்டியில் இருப்பதோ நாற்பது லிட்டர்.

வீட்டுத் தொட்டியில் வளரும் மீனுக்கு வயிறு வீங்கினால் என்ன செய்வது என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். ஐம்பது ரூபாய் மீனுக்கு இத்தனை ஆராய்ச்சியா, செத்தால் வேறொன்று வாங்கிக்கொள்ளலாமே என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. விலையைக் கொண்டு உயிரை அளப்பதாயின் அவர்கள் சொல்வது சரிதான். இங்கிலாந்தில் 1956ஆம் ஆண்டில் ஒரு திருவிழாச் சந்தையில் பரிசாகக் கிடைத்த தங்கமீன் ஒன்று 43 ஆண்டுகள் வாழ்ந்து 1999இல்தான் இறந்தது. நம் வீடுகளில் தங்கமீன் ஓராண்டு தாண்டினால் வியக்கிறோம். அந்த மீனுக்கும் நம் மீனுக்கும் குலத்தில் வேற்றுமை இல்லை; வாய்த்த நீரில்தான் வேற்றுமை.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். வயிற்று வீக்கம் என்பது ஒரு நோயின் பெயரன்று. அது ஓர் அறிகுறி. காய்ச்சல் என்று சொன்னால் எந்தக் காய்ச்சல் என்று வைத்தியர் கேட்கிறார் அல்லவா? அவ்வாறே, வீக்கம் என்றால் எத்தகைய வீக்கம் என்று நாம் கேட்டாக வேண்டும். மீன் வாய்திறந்து சொல்லாது. ஆகவே நாம் கண்ணால்தான் கேட்க வேண்டும்.

எப்படிப் பார்ப்பது? பெரும்பாலோர் தொட்டியின் முன்னே நின்று பக்கவாட்டில் பார்க்கின்றனர். அது போதாது. மேலிருந்து குனிந்து மீனின் முதுகை நோக்குங்கள். செதில்கள் உடலோடு ஒட்டிப் படிந்திருக்கின்றனவா, அன்றி எழும்பி நிற்கின்றனவா என்பதுதான் நமக்கு வேண்டிய முதற் செய்தி. நாட்டு ஓடு வேய்ந்த கூரையின்மேல் குரங்குகள் ஓடி விளையாடியபின் ஓடுகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் விளிம்பு தூக்கி நிற்கும். எங்கள் ஊரில் இக்காட்சிக்குப் பஞ்சமில்லை. நோய் முற்றிய மீனின் செதில்களும் அவ்வாறே விளிம்பு தூக்கி நிற்கும்.

செதில்கள் படிந்திருந்து, மீன் சுறுசுறுப்பாக நீந்தி, ஆவலோடு உண்ணுமாயின் அஞ்சவேண்டியதில்லை. அது முட்டை நிறைந்த பெண்மீனாக இருக்கலாம். குப்பி, மோலி போன்ற மீன்கள் முட்டையிடாமல் குஞ்சு ஈனுபவை. அவை சூல்கொண்டு வயிறு பருத்து நிற்பதை நோய் என்று எண்ணி மருந்து ஊற்றியவர்களை நான் அறிவேன். வீக்கம் ஒரு பக்கமாக மட்டும் இருந்தால் கட்டியாக இருக்கலாம். தங்கமீன்களுக்குச் சிறுநீரகத்தில் நீர்ப்பைகள் தோன்றி உடல் பெருப்பதும் உண்டு. இவற்றிற்கு வீட்டு வைத்தியம் இல்லை. ஏரியிலிருந்து பிள்ளைகள் பிடித்துவரும் சிறு கெண்டைகளின் வயிற்றில் சில வேளைகளில் வெள்ளை நாடாபோன்ற நீண்ட புழு சுருண்டிருக்கும். லிகுலா எனப்படும் அப்புழு, மீனைத் தின்னும் நீர்ப்பறவையின் குடலில் போய் முதிர்வது. கடையில் வாங்கிய மீனுக்கு அது வருவது அரிது.

அடுத்தது உணவால் வரும் உப்பல். இங்கே ஓர் உண்மையை நீங்கள் நினைவிற் கொள்ள வேண்டும். தங்கமீனுக்கு இரைப்பை என்பதே கிடையாது! கெண்டை இனத்து மீன்கள் அனைத்தும் இத்தகையவை. தொண்டைக்குப் பின் நீண்ட குடல் ஒன்றே தொடர்கிறது. உணவைச் சேமித்து வைத்து ஆறஅமரச் செரிக்கும் பை இல்லாமையால், அவை இயற்கையில் சிறிது சிறிதாக நாள் முழுதும் மேய்ந்துகொண்டே இருக்கும். எப்பொழுது போட்டாலும் ஓடிவந்து வாய் பிளப்பதற்கு அதுவே காரணம். அது பசியின் அடையாளமன்று. உலர்ந்த உணவை மிகுதியாக விழுங்கினால் அது குடலுக்குள் நீரை உறிஞ்சிப் பருக்கிறது. போதாக்குறைக்கு, அழகிற்காக உருண்டை உடலோடு வளர்த்தெடுக்கப்பட்ட தங்கமீன் வகைகளில் உள்ளுறுப்புகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டிருக்கும். மீன் நீரில் மேலும் கீழும் நிலைகொள்ள உதவுவது அதன் காற்றுப்பை. குடல் வீங்கி அப்பையை அழுத்தும்போது மீன் தலைகீழாகவோ பக்கவாட்டிலோ மிதக்கத் தொடங்குகிறது. பார்ப்பவர்கள் செத்துவிட்டது என்றே முடிவு செய்கிறார்கள். ஆனால் பெரும்பாலும் பிழைக்கக்கூடிய வீக்கம் இதுதான்.

செதில்கள் எழும்பி, கண்கள் பிதுங்கி, செவுள்கள் வெளிறி, மீன் உணவை மறுத்து அடியில் ஒதுங்கிக் கிடக்குமாயின், அது வேறு வகை. உடற்குழிக்குள் நீர் கோத்துவிட்டது என்பது அதன் பொருள். மனிதருக்கு வயிற்றில் நீர் கோத்துக்கொள்வதை நம் பழைய வைத்தியர்கள் மகோதரம் என்றனர். மீனுக்கும் அப்பெயரே பொருந்தும்.

இவ்விரு வீக்கங்களும் ஒரே தொட்டியில் அடுத்தடுத்து நிற்கக் கண்ட ஓர் அனுபவத்தைக் கூறுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் கார்த்திகைத் தீபத்தின்போது எங்கள் தெருவில் ஒரு வீட்டிற்கு உறவினர்கள் திரளாக வந்திருந்தனர். தீபத்திற்குப் பொரி உருண்டை செய்யும் வழக்கம் நீங்கள் அறிந்ததே. வந்த குழந்தைகள் ஆளுக்கு ஒரு பிடி வெல்லப் பொரியைக் கூடத்திலிருந்த மீன்தொட்டியில் போட்டனர். நான்காம் நாள் அவ்வீட்டுப் பிள்ளை, ஒன்பதாம் வகுப்பு மாணவன், என்னிடம் ஓடிவந்தான்.

“ஐயா, இரண்டு தங்கமீனும் வயிறு வீங்கிக் கிடக்கின்றன. மருந்துக் கடையில் கேப்சூல் கேட்டு வாங்கிக் கரைத்துவிடலாமா?”

“தொட்டி எத்தனை லிட்டர் பிடிக்கும்?” என்று கேட்டேன்.

“தெரியவில்லை ஐயா. மூன்று குடம் ஊற்றுவோம்.”

நான் சென்று பார்த்தபோது தொட்டி நீர் கலங்கி, ஓரங்களில் நுரை கட்டியிருந்தது. ஒரு மீன் பக்கவாட்டில் மிதந்தது. அதன் செதில்கள் படிந்திருந்தன. மற்றொன்று அடியில் கிடந்தது. அதன் செதில்கள் எழும்பியிருந்தன. பையனின் பாட்டி, “மகோதரம் வந்த மனிதன்போல இருக்கிறது, பாவம். கண்ணா, கோயில் குளத்திலே விட்டுவிடு, சுவாமி பார்த்துக்கொள்வார்” என்றார். அந்த அம்மையார் நோயின் பெயரைச் சரியாகவே சொன்னார். அவர் சொன்ன பரிகாரத்தைப் பற்றிப் பின்னர்ப் பேசுவோம்.

மீனின் உடலுக்குள் நீர் எங்கிருந்து வருகிறது? இதற்கு விடை காண நீங்கள் ஆய்வுக்கூடம் செல்லவேண்டியதில்லை. சமையலறைக்குச் சென்றாலே போதும். மாவடுவில் உப்பைப் போட்டுக் குலுக்கி வைத்தால் இரண்டு நாளில் வடு சுருங்கி, ஜாடியில் நீர் நிற்கிறது. உலர்ந்த திராட்சையைத் தண்ணீரில் போட்டால் அது பருக்கிறது. மெல்லிய தோலின் இருபுறமும் உப்பும் சர்க்கரையும் போன்றவை வெவ்வேறு செறிவில் இருக்குமானால், செறிவு குறைந்த பக்கத்திலிருந்து மிகுந்த பக்கத்திற்கு நீர் கசிந்து செல்லும். சவ்வூடு பரவல் என்று உங்கள் பாடநூலில் படித்திருப்பீர்கள்.

கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு உண்டு. நன்னீர் மீனின் குருதியிலுள்ள உப்புச் செறிவு லிட்டருக்குச் சுமார் 9 கிராமுக்கு ஒப்பானது. அது வாழும் குளத்து நீரிலோ பெரும்பாலும் ஒரு கிராம்கூட இல்லை. ஆகவே நன்னீர் மீன் ஒவ்வொன்றும் நீரில் ஊறும் திராட்சையைப் போன்றதே. செவுள்களின் வழியாகவும் தோலின் வழியாகவும் நீர் அதன் உடலுக்குள் இடைவிடாது நுழைந்துகொண்டிருக்கிறது. நுழைந்த நீரை வெளியேற்றுவது சிறுநீரகத்தின் வேலை. நன்னீர் மீன்கள் ஒரே நாளில் தம் எடையில் பத்தில் ஒரு பங்கு முதல், சில இனங்களில் மூன்றில் ஒரு பங்கு வரை சிறுநீராகக் கழிக்கின்றன. அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் நாளொன்றுக்கு ஆறு லிட்டரிலிருந்து இருபது லிட்டர் வரை சிறுநீர் கழிப்பதாக எண்ணிப் பாருங்கள்! அப்பொழுது அச்சிறிய சிறுநீரகத்தின் உழைப்பு விளங்கும். நீரோடு கொஞ்சம் உப்பும் போய்விடுகிறதே, அதற்கு என்ன செய்வது? டென்மார்க் நாட்டு அறிஞர் ஆகஸ்ட் கிரோக் 1937இல் அதற்கு விடை கண்டார். மிகமிக நீர்த்த நீரிலிருந்தும்கூட மீனின் செவுள்கள் உப்பின் கூறுகளைத் தேடிப்பிடித்து உள்ளே இழுத்துக்கொள்கின்றன. அதற்கு மீன் ஆற்றலைச் செலவிட வேண்டும்.

ஓட்டைப் படகில் செல்பவன் நீரை இறைத்துக்கொண்டே இருக்கும்வரை படகு மிதக்கும். மீனின் நிலையும் இதுவே. செவுள் பழுதுபட்டாலும், சிறுநீரகம் தளர்ந்தாலும் நீர் உள்ளேயே தங்கிவிடுகிறது. அந்நீரின் அழுத்தமே செதில்களை எழுப்புகிறது, கண்ணைப் பிதுக்குகிறது. ஏரோமோனாஸ் ஹைட்ரோஃபிலா என்னும் நுண்ணுயிர் இதற்குக் காரணமாவதைப் பலமுறை கண்டிருக்கிறார்கள். ஆனால் அந்நுண்ணுயிர் எங்கோ வெளியிலிருந்து வந்து புகுந்த பகைவன் அன்று. ஏறக்குறைய எல்லா நன்னீரிலும் அது இருக்கிறது. நலமான மீனின் உடல்மீதும் இருக்கிறது. மீன் தளரும் நாளை எதிர்பார்த்துக் காத்திருக்கிறது. ஆகவே நாம் கேட்கவேண்டிய கேள்வி, எந்தக் கிருமி வந்தது என்பதைவிட, மீன் ஏன் தளர்ந்தது என்பதே.

மீனைக் கண்ணாடிக்குள் வைத்து வாழவைக்கலாம் என்பது மனிதன் அண்மையில் கற்ற பாடம். 1850ஆம் ஆண்டளவில் இலண்டனில் இராபர்ட் வாரிங்டன் என்ற இரசாயன அறிஞர், தங்கமீன்களையும் வாலிஸ்னேரியா என்னும் நீர்ப்பூண்டையும் நத்தைகளையும் ஒரு தொட்டியில் இட்டு, ஒன்றின் கழிவு மற்றொன்றிற்குப் பயன்படும்படி அமைத்தார். சென்னையில் 1909இல் மெரினாக் கரையில் மீன் காட்சியகம் ஒன்று திறக்கப்பட்டு, இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் மூடப்பட்டது. இன்று வண்ண மீன்களுக்குப் பெயர்பெற்றது சென்னையிலுள்ள கொளத்தூர். அங்கே வளர்ந்த மீன்கள் பிராணவாயு நிரப்பிய பிளாஸ்டிக் பைகளில் ஏறக்குறைய 190 கிலோமீட்டர் பயணம் செய்து எங்கள் ஊருக்கு வருகின்றன. பயணக் களைப்போடு வந்த மீன், வாங்கியவர் வீட்டில் எந்த நீரில் இறங்குகிறது என்பதில்தான் அதன் விதி அடங்கியிருக்கிறது.

மீன் தன் கழிவை அமோனியாவாகப் பெரும்பாலும் செவுளின் வழியே விடுகிறது. தின்னாமல் கிடந்து அழுகும் உணவிலிருந்தும் அமோனியா வருகிறது. தொட்டியின் வடிகட்டிப் பஞ்சிலும் அடிக்கற்களிலும் குடியேறும் ஒருவகை நுண்ணுயிர்கள் இதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. வேறொரு வகை, நைட்ரைட்டைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக மாற்றுகின்றன. இந்த ஊழியர்கள் புதுத் தொட்டியில் பெருகி நிலைபெற நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதுவரை மீன் தன் கழிவிலேயே மூச்சுவிட்டுக்கொண்டிருக்கிறது. அமோனியா முதலில் அரிப்பது செவுளைத்தான்.

எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் பயன்படுவது ஆழ்குழாய்க் கிணற்று நீர். காய்ச்சும் பாத்திரத்தில் வெண்மையாக உப்பு படியும் கடின நீர் அது. காரத்தன்மை சற்று மிகுந்த இத்தகைய நீரில் அமோனியாவின் கொடுமை மிகுதி. முப்பது டிகிரி வெப்பத்தில், நீரின் பி.எச். அளவு 7 ஆக இருந்தால் மொத்த அமோனியாவில் நச்சு வடிவில் இருப்பது நூற்றில் ஒரு பங்கிற்கும் குறைவு. பி.எச். 8 ஆனால் அது நூற்றில் ஏழு பங்கைத் தாண்டுகிறது. கழிவின் அளவு ஒன்றே. நஞ்சு மட்டும் பல மடங்கு! வெப்பம் இன்னொரு துன்பம். இருபது டிகிரியில் ஒரு லிட்டர் நீர் ஒன்பது மில்லிகிராம் அளவு பிராணவாயுவைத் தாங்கும். முப்பது டிகிரியில் ஏழரை மில்லிகிராம்தான். வெல்லப் பொரி ஊறிய தொட்டியில் சர்க்கரையைத் தின்று பெருகும் நுண்ணுயிர்கள் அந்தப் பிராணவாயுவையும் பறித்துக்கொள்கின்றன. நான் கண்ட நுரைக்கு அதுவே காரணம்.

ஆகையால் வைத்தியம் நீரிலிருந்து தொடங்குகிறது. மிதக்கும் எச்சங்களை அகற்றிவிட்டு, தொட்டி நீரில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் மாற்றுங்கள். நாள்தோறும் அவ்வாறே நான்கைந்து நாள் செய்யலாம். முழுவதையும் ஒரேயடியாகக் கொட்டிவிட்டு, தொட்டியைத் தேய்த்துக் கழுவிப் புதுநீர் ஊற்றுவதே நம் வீடுகளில் வழக்கம். அது துப்புரவுபோலத் தோன்றினாலும், நல்ல நுண்ணுயிர்களை வேரோடு அழித்து மீனை நீர் மாற்றத்தின் அதிர்ச்சிக்கும் ஆளாக்குகிறது. வடிகட்டிப் பஞ்சை அலச வேண்டுமானால், எடுத்த பழைய தொட்டி நீரிலேயே அலசுங்கள்.

ஊற்றும் நீரில் குளோரின் இருக்கக்கூடாது. நகராட்சிக் குழாய் நீராயின் அகன்ற வாளியில் ஒருநாள் திறந்து வைத்தால் குளோரின் பெரும்பாலும் நீங்கும். அவசரமானால் ஹைப்போ என்னும் சோடியம் தயோசல்பேட்டின் சிறு படிகம் ஒன்று ஒரு வாளிக்குப் போதும். முன்பு புகைப்படம் எடுக்கும் கடைகளில் இது மூட்டையாகக் கிடக்கும். இப்பொழுது மீன் விற்கும் கடைகளில் புட்டியில் கரைசலாக விற்கிறார்கள். நீரின் வெப்பமும் ஒத்திருக்க வேண்டும். சித்திரை, வைகாசியில் நண்பகல் வேளையில் மாடித் தொட்டியிலிருந்து வரும் நீர் கையைச் சுடும். அதை மீனின்மேல் ஊற்றுவது கொடுமை. விடியற்காலையில் பிடித்துவைத்த நீரைப் பயன்படுத்துக.

அந்த வீட்டில் மிதந்துகொண்டிருந்த மீனுக்கு நான் சொன்ன மருந்து பட்டினி. மூன்று நாள் முழுப் பட்டினி. பாட்டிக்கு இது மனத்துக்கு ஒப்பவில்லை. நோயாளிக்குக் கஞ்சியாவது தர வேண்டாமா என்றார். மீன் குளிர்ந்த குருதி உடையது. நம்மைப்போல் உடலைச் சூடாக வைத்திருக்க உணவை எரிக்கவேண்டியதில்லை. நலமான மீன் ஒரு வாரம் உண்ணாமலும் இருக்கும் என்று விளக்கினேன். நான்காம் நாள் பச்சைப் பட்டாணி ஒன்றை வேகவைத்து, தோலுரித்து, நசுக்கிச் சிறு துணுக்குகளாக இட்டோம். அதன் நார் குடலை இளக்கும். ஒரு வாரத்தில் அம்மீன் நேராக நீந்தியது. குடல் இளகப் பேதி உப்பு, அதாவது மக்னீசியம் சல்பேட், இருபது லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி வீதம் கரைத்து ஊற்றுவதும் மீன் வளர்ப்போர் கைக்கொள்ளும் முறை.

செதில் எழும்பிய மற்றொரு மீனை வேறாகப் பிரித்தோம். இதற்குச் சோப்புப் படாத அகன்ற பிளாஸ்டிக் தொட்டி போதும். நீர் ஆழமாக இருக்கக்கூடாது. ஒரு சாண் போதும். காற்றுக் குமிழி விடும் பம்பு ஓடவேண்டும். மேலே மெல்லிய துணி போர்த்தினால் மீன் அமைதியுறும். இதில் நல்ல நுண்ணுயிர்கள் இல்லையாதலால் நாள்தோறும் பாதி நீரை மாற்ற வேண்டும்.

இந்நீரில் சமையல் உப்பை லிட்டருக்கு ஒன்று முதல் இரண்டு கிராம் வரை சேர்த்தோம். உப்பு நோயைத் தீர்க்கும் என்பதற்காக அன்று. மாவடுவை நினைத்துக்கொள்ளுங்கள். வெளிநீரில் உப்பு சிறிது ஏறினால், உட்புகும் நீர் சிறிது குறையும். ஓட்டைப் படகில் இறைப்பவனுக்கு வேலை கொஞ்சம் எளிதாகும். உப்பைத் தனியே கரைத்து, ஒரே நாளில் மூன்று தவணையாக ஊற்ற வேண்டும். கெளுத்தி வகை மீன்கள் உப்பை நன்கு தாங்கா, நீர்ப்பூண்டுகளும் வாடும், ஆகவேதான் தனித் தொட்டி. இன்னொன்று: நீர் ஆவியாகிக் குறைந்தால் வெறும் நீரையே ஊற்றுக. உப்பு ஆவியாவதில்லை. நீரை எடுத்து மாற்றும்போது மட்டும், எடுத்த அளவிற்குரிய உப்பைச் சேர்த்தால் போதும்.

இதற்கெல்லாம் தொட்டியின் கொள்ளளவு தெரிந்தாக வேண்டும் அல்லவா? நீளம், அகலம், நீரின் உயரம் ஆகியவற்றைச் சென்டிமீட்டரில் அளந்து, பெருக்கி, ஆயிரத்தால் வகுத்தால் லிட்டர் கிடைக்கும். 60 சென்டிமீட்டர் நீளமும் 30 அகலமும் 30 உயரமும் உள்ள தொட்டி 54 லிட்டர். கற்களைக் கழித்தால் 45க்கும் 50க்கும் இடையே வரும். அந்த மாணவனையே அளந்து கணக்கிடச் செய்தேன். அவனுடைய மூன்று குடம் 38 லிட்டராக முடிந்தது.

கேப்சூலைப் பற்றி அவன் கேட்டான் அல்லவா? மனிதருக்கான டெட்ராசைக்ளின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்தை உடைத்துத் தொட்டியில் கொட்டுவது பலர் கையாளும் முறை. இதை நான் வன்மையாக மறுக்கிறேன். கடின நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் டெட்ராசைக்ளினைப் பற்றிக்கொண்டு அதன் வீரியத்தைக் குறைத்துவிடுகின்றன. எங்கள் ஊர்க் கிணற்று நீரில் அது பெரும்பாலும் வீண். வீரியம் எஞ்சினால் அது வடிகட்டியிலுள்ள நல்ல நுண்ணுயிர்களைத் தாக்கும். அமோனியா மீண்டும் ஏறும். மேலும், அரைகுறை அளவில் மருந்தைச் சந்திக்கும் கிருமிகளுள் தப்பிப் பிழைப்பவை அம்மருந்திற்கு அடங்காதவையாகப் பெருகுகின்றன. தொட்டி நீர் சாக்கடைக்குப் போகிறது. சாக்கடை எங்கே போகிறது என்று சொல்லவேண்டியதில்லை. நாளை ஒரு குழந்தையின் காய்ச்சலுக்கு வேண்டிய மருந்தின் கூர்மையை இன்று மீன்தொட்டியில் மழுக்கிக்கொண்டிருக்கிறோம். மருந்து தேவை என்று கால்நடை மருத்துவர் கருதினால், அவர் சொல்லும் அளவில், மீன் உண்ணும் நிலையிலிருக்கும்போதே உணவோடு கலந்து தருவதுதான் முறை.

அடியில் கிடந்த மீன் ஆறாம் நாள் இறந்தது. செதில் எழும்பும் அளவிற்கு நீர் கோத்தபின் மீன்கள் பெரும்பாலும் பிழைப்பதில்லை. சிறுநீரகம் அதற்கு முன்பே அழிந்திருக்கும். இதை அந்தப் பிள்ளையிடம் முதல் நாளே சொல்லியிருந்தேன். ஆயினும் அவன் ஆறு நாளும் பள்ளிக்குச் செல்லுமுன் வாளியில் நீர் பிடித்து மாற்றினான். மீளாத் துன்பத்தில் கிடக்கும் மீனை உயிரோடு கழிவறையில் ஊற்றுவதும், குளிர்ப்பெட்டியில் வைப்பதும் செய்யத் தகாதவை. கிராம்பு எண்ணெயில் உள்ள யூஜினால் என்னும் பொருள் மீனை மயக்கத்தில் ஆழ்த்தி நோவின்றி உயிர்பிரியச் செய்யும். கால்நடை மருத்துவரைக் கேட்டு அதைச் செய்யலாம்.

இனி, பாட்டியின் பரிகாரம். நோயுற்ற மீனைக் குளத்தில் விடுவது கருணையாகவே தோன்றும். ஆனால் அதன் உடலிலுள்ள கிருமிகளும் புழுக்களும் அங்குள்ள மீன்களுக்குப் போய்ச் சேரும். நலமான மீனாயினும் விடலாகாது. தொட்டிக் கண்ணாடியைச் சுத்தம் செய்யும் என்று சொல்லி விற்கப்படும் தென்னமெரிக்க உறிஞ்சுவாய்க் கெளுத்தியை, வளர்ந்து பெரிதானதும் மனமிரங்கி ஏரிகளில் விட்டவர்கள் உண்டு. இன்று தமிழ்நாட்டு ஏரிகள் பலவற்றில் அது பெருகி, வலையைக் கிழித்து, நாட்டு மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. முள்ளும் ஓடுமான அதை வாங்குவாரில்லை. மீனவர்கள் கரையில் எறிந்துவிட்டுப் போகிறார்கள். பாட்டி இதைக் கேட்டுவிட்டு, “அப்படியானால் சுவாமிக்கு அந்தத் தொல்லை வேண்டாம்” என்றார்.

இறந்த மீனை அவர்கள் வீட்டுக் கொல்லையில் வாழைக்கன்றின் அடியில் ஒரு முழம் ஆழத்தில் புதைத்தோம். வலையையும் இரப்பர்க் குழாயையும் வெந்நீரில் கழுவி இரண்டு நாள் வெயிலில் உலர்த்தச் சொன்னேன். தொட்டி நீரை வாயால் உறிஞ்சிக் குழாயில் இழுக்கும் பழக்கத்தையும் அவனிடம் நிறுத்தினேன். அந்நீரிலுள்ள சில கிருமிகள் மனிதர் கையிலுள்ள புண்ணின் வழியாகவும் புகுந்து ஆறாத கட்டிகளை உண்டாக்கும். ஆகையால் தொட்டியில் கையிட்டபின் சோப்பிட்டுக் கழுவ வேண்டும்; கையில் காயம் இருந்தால் உறை அணிய வேண்டும். எஞ்சிய மீனுக்கு உணவு நாளைக்கு இருமுறை, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு. வாரத்தில் ஒருநாள் உபவாசம். எந்த நாள் என்பதைப் பாட்டியே குறித்துக் கொடுத்தார்: தாம் விரதம் இருக்கும் திங்கட்கிழமை.